34,000 படுக்கைகள்: பட்ஜெட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்த ஒரு வரி

(எபிசோடுல பேசினதை, படிக்க வசதியா கொஞ்சம் திருத்தி இங்க குடுத்திருக்கோம்.)

2025 பிப்ரவரி 5ஆம் தேதி அமிர்தசரஸ் ஏர்போர்ட்ல ஒரு அமெரிக்க ராணுவ விமானம் வந்து இறங்கினது ஞாபகம் இருக்கா? உள்ள 104 இந்தியர்கள். கையில விலங்கு, கால்ல சங்கிலி. நம்ம ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் அந்த வீடியோ வந்துச்சு. எல்லாரும் விலங்கைப் பத்தித்தான் பேசினாங்க, அது நியாயமும்கூட. எனக்கு வந்த கேள்வி கொஞ்சம் கணக்குப்பிள்ளைத்தனமானது. இப்படிப் பிடிக்கிற ஆட்களைத் திருப்பி அனுப்புற வரைக்கும் எங்க வெச்சிருப்பாங்க? அதுக்கு யாரு காசு குடுக்கறாங்க? அந்தக் காசை நிறுத்தணும்னு அங்க யாராவது முயற்சி பண்ணாங்களா?

பண்ணாங்க. பல வருஷம் பண்ணாங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிடுவோம். அமெரிக்காவுல குடியேற்றத் தடுப்புக்காவல் சட்டப்படி தண்டனை கிடையாது. உள்ள இருக்கறவங்க வழக்கு முடியக் காத்திருக்கறாங்க, இல்லன்னா நாடு கடத்தக் காத்திருக்கறாங்க, அவ்வளவுதான். ஆனா இருக்கிற இடம் ஜெயில் மாதிரிதான். பல இடத்துல நிஜமாவே கவுன்டி ஜெயில்தான். தண்டனை இல்லாததால இலவச அரசு வக்கீலும் கிடையாது. விசா முடிஞ்சும் தங்கினவங்க, குற்ற வழக்குல சிக்கின கிரீன் கார்டுக்காரங்க, அகதியா ஏத்துக்கங்கன்னு எல்லைக்கு வந்து நின்னவங்கன்னு எல்லாரும் இதுல உண்டு. அப்படி எல்லை தாண்டிப் பிடிபட்ட ஒரு இலங்கைத் தமிழரோட வழக்கு 2020ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 7-க்கு 2ன்னு அவருக்கு எதிரா முடிஞ்சுது. அது தனி எபிசோடு.

இந்த அமைப்பு ஆதிகாலத்துல இருந்து இப்படியே இருந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. 1954 நவம்பர்ல, ஐசனோவர் ஆட்சியில, அட்டர்னி ஜெனரல் ஹெர்பர்ட் பிரவுனெல் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். ஓடிப் போயிடுவார்னோ, நாட்டுக்கு ஆபத்துன்னோ தோணுறவங்களை மட்டும் அடைப்போம், மத்தவங்க வெளியிலேயே இருந்து வழக்கைப் பாக்கட்டும்னு. அதே மாசம் நியூயார்க்கோட எல்லிஸ் தீவு மையத்தை இழுத்து மூடினாங்க. அதுக்கப்புறம் கால் நூற்றாண்டுக்கு அடைச்சு வைக்கிறது விதிவிலக்காத்தான் இருந்துச்சு.

1980ல கியூபாவுல இருந்து படகுல சுமார் 1,25,000 பேர் ஃபுளோரிடா வந்து இறங்கினாங்க. ஹைட்டியில இருந்தும் படகுகள். அடுத்த வருஷம் ரீகன் அரசு, ஹைட்டிக்காரங்களை வந்த உடனே அடைக்க ஆரம்பிச்சுது. 1983ல டென்னஸீ மாநிலத்துல ‘கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா’ன்னு ஒரு கம்பெனி பிறந்துச்சு, இன்னைக்கு அதோட பேர் கோர்சிவிக். அவங்களோட முதல் இடம் எது தெரியுமா? ஹியூஸ்டன்ல ஒரு மோட்டல். 1984 தொடக்கத்துல, சொந்தக் கட்டடம் ரெடியாகறதுக்குள்ள, ஒரு மோட்டலை வாடகைக்கு எடுத்து வேலி போட்டு, குடியேறிகளை உள்ள வெச்சாங்க. தனியார் சிறைத் தொழில்னு இன்னைக்கு நாம சொல்றது ஒரு லாட்ஜ்ல தொடங்கினது.

1996ல கிளின்டன் கையெழுத்துப் போட்ட சட்டம், பல வகை ஆட்களைக் கட்டாயமா அடைச்சே ஆகணும்னு ஆக்குச்சு. 1994ல ஒரு நாளைக்குச் சராசரியா 7,000 பேருக்கும் கீழ இருந்த எண்ணிக்கை 2001ல 20,000 பக்கம் வந்துடுச்சு. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் கேக்கவே வேணாம். 2004ல வந்த ஒரு சட்டம், 2006ல இருந்து அஞ்சு வருஷத்துக்கு, வருஷம் 8,000 படுக்கை கூட்டணும்னு சொல்லுச்சு. கவனிச்சீங்களா, ஆளைக் கணக்குப் பண்ணலை. படுக்கையை. நம்ம கதையே இந்த அலகுலதான் ஓடுது.

இப்போ பட்ஜெட் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம். நம்ம ஊர்ல நிதியமைச்சர் பட்ஜெட் வாசிச்சா, அரசுகிட்ட பெரும்பான்மை இருக்கறதால அது கிட்டத்தட்ட அப்படியே பாஸாகும். அங்க அப்படி இல்லை. அதிபர் ‘எனக்கு இவ்வளவு வேணும்’னு கேக்கலாம், அவ்வளவுதான். எவ்வளவு குடுக்கணும்னு எழுதறது காங்கிரஸ். (கட்சி இல்லைங்க, அவங்க நாடாளுமன்றம். கீழ பிரதிநிதிகள் சபை, மேல செனட்.) காங்கிரஸ் சட்டம் போடாம கஜானாவுல இருந்து ஒரு டாலர்கூட எடுக்க முடியாதுன்னு அரசியல் சாசனத்துலேயே இருக்கு. அதனால வருஷா வருஷம் வர்ற ஒதுக்கீட்டு மசோதாதான் காங்கிரஸோட உண்மையான பிடி. அந்த மசோதாவுக்குள்ள, ‘இந்தக் காசை இதுக்குச் செலவு பண்ணு, அதுக்குப் பண்ணாதே’ன்னு சின்னச் சின்ன நிபந்தனைகளைச் செருகுவாங்க.

2009 அக்டோபர்ல அப்படி ஒரு வரி செருகப்பட்டுச்சு. செருகினவர் ராபர்ட் பேர்ட், மேற்கு வர்ஜீனியா செனட்டர், ஜனநாயகக் கட்சி. ஆமா, ஒபாமா கட்சி. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையோட ஒதுக்கீட்டைப் பாத்துக்கற துணைக்குழுவுக்கு அவர்தான் தலைவர். குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தற அமைப்பு, அதாவது ‘ஐஸ்’, 33,400க்குக் குறையாத தடுப்புக்காவல் படுக்கைகளைப் பராமரிக்கணும்ங்கறதுதான் அந்த வரி. பெரிய விவாதம் எதுவும் நடக்கலை. சில வருஷத்துல அது 34,000 ஆச்சு. அடுத்த ஜூன்ல பேர்ட் இறந்துட்டார், வரி இருந்துச்சு.

அந்த வரியைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. ‘குறையாத’. கோடு எழுதறவங்களுக்குத் தெரியும், மினிமம் வேற, மேக்ஸிமம் வேற. ‘இதுக்கு மேல செலவு பண்ணாதே’ங்கறதுதான் சாதாரண பட்ஜெட் மொழி. இங்க ‘இதுக்குக் கீழ போகாதே’ன்னு எழுதிட்டாங்க. எத்தனை பேரை அடைக்கணும்னு தேவை தீர்மானிக்கறதுக்குப் பதிலா, பட்ஜெட் தீர்மானிக்க ஆரம்பிச்சுடுச்சு. வேற எந்த போலீஸ் அமைப்புக்காவது ‘குறைஞ்சது இத்தனை கைதி’ன்னு சட்டத்துல எழுதி வெச்சிருக்காங்களான்னு இதை எதிர்த்தவங்க கேட்டாங்க. பதில் சொல்றவங்களுக்கு அது கஷ்டமான கேள்வி.

கான்ட்ராக்டும் இதே மாதிரிதான். பல தனியார் மையங்களோட ஐஸ் போட்ட ஒப்பந்தத்துல ‘உறுதி செய்யப்பட்ட குறைந்தபட்சம்’னு ஒரு பிரிவு உண்டு. ஹாஸ்டல் மெஸ் ஞாபகம் இருக்கா? நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடலைன்னாலும் மாசக் கடைசியில பில் வரும். அதே கதை. கொரோனா காலத்துல ஆள் குறைஞ்சப்போ இது அப்பட்டமா தெரிஞ்சுது. 2020 மே மாசத்துல மட்டும், தினம் சராசரியா 12,000க்கும் மேல காலியா கிடந்த படுக்கைகளுக்கு ஐஸ் 2 கோடியே 5 லட்சம் டாலர் குடுத்துச்சுன்னு காங்கிரஸோட தணிக்கை அமைப்பே கணக்குப் போட்டுச் சொல்லுச்சு. காசு எப்படியும் போகப் போகுதுன்னா, படுக்கையை நிரப்பணும்னு யாருக்குத்தான் தோணாது?

இப்போ 2013. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச, இல்ல, ரொம்ப உறுத்தற இடம் இதுதான்.

அந்த வருஷம் மார்ச் 1ல இருந்து அரசு செலவுல தானியங்கி வெட்டு வரப் போகுது. கட்சிகள் பட்ஜெட் ஒப்பந்தத்துக்கு வராததால வந்த வெட்டு. ஐஸ் கையில காசு இழுபறி. பிப்ரவரி 9ல இருந்து மார்ச் 1 வரைக்கும் 2,228 பேரை வெளிய விட்டாங்க. அப்படியே விட்டுடலை. கண்காணிப்புல, கூப்பிடறப்போ வந்து ஆஜராகணும்ங்கற மாதிரியான நிபந்தனையில. மூணு வாரத்துக்கு முன்ன ‘அடைச்சே ஆகணும்’னு இருந்தவங்க, காசு குறைஞ்சதும் ‘வீட்ல இருந்து வந்தா போதும்’ ஆயிட்டாங்க. வழக்கு அதேதான், ஆள் அதேதான், மாறினது கணக்கு மட்டும்தான்.

குடியரசுக் கட்சிக்கு செம கோவம். வெளிய விட்டவங்கள்ல சிலர் குற்றத் தீர்ப்பு உள்ளவங்க, அதனால அந்தக் கோவத்தை வெறும் நாடகம்னு தள்ளிட முடியாது. மார்ச்ல ஐஸ் தலைவர் ஜான் மார்ட்டனைக் கூப்பிட்டு உக்காரவெச்சு விசாரிச்சாங்க. துறை அமைச்சர் ஜேனட் நபாலிடானோவோ, ஆபத்தைப் பாத்து ஆளை வெச்சுக்கணுமே தவிர, யாரோ எழுதின நம்பரைப் பாத்து இல்லைங்கற அர்த்தத்துல காங்கிரஸ்லேயே சொன்னார். 2014 நிதியாண்டுக்கு ஒபாமா அரசு கேட்டது 31,800 படுக்கை. காங்கிரஸ் குடுத்தது 34,000. கேட்டதைவிட அதிகமா குடுக்கற ஃபைனான்ஸ் டிப்பார்ட்மெண்ட்டை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

2013 ஜூன்ல அந்த வரியை நீக்க ஒரு திருத்தம் வந்துச்சு. கொண்டுவந்தவங்க டெட் டாய்ச், பில் ஃபாஸ்டர், ரெண்டு பேரும் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள். அவங்க வாதம் மனிதாபிமானத்தைவிட அதிகமா சிக்கனத்துல நின்னுச்சு. ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு சுமார் 120 டாலர் ஆகுது, கணுக்கால்ல மானிட்டர் கட்டி வெளிய விட்டா சில டாலர்தான். சிக்கனம் பேசற கட்சியோட ஓட்டு வேணும்னா சிக்கனத்தைத்தானே பேசணும்? ஆதரவு 190, எதிர்ப்பு 232. தோத்துப்போச்சு.

அடுத்த வருஷம் புது அமைச்சர் ஜே ஜான்சன் ஒரு வக்கீல் மூளையோட வந்தார். சட்டம் படுக்கையைப் பராமரிக்கத்தான் சொல்லுது, எல்லாத்துலயும் ஆளைப் படுக்கவைக்கச் சொல்லலை, அப்படித்தான் நான் படிக்கறேன்னார். டெக்சாஸ் உறுப்பினர் ஜான் கல்பர்சன் ஒத்துக்கலை, நிரப்பணும்ங்கறதுதான் சட்டம்னார். ஒரு வினைச்சொல்லுக்கு என்ன அர்த்தம்ங்கறதுல ஆயிரக்கணக்கான பேர் அன்னைக்கு ராத்திரி எங்க தூங்குவாங்கங்கறது தொங்கிட்டு இருந்துச்சு.

சரி, அந்த வரி கடைசியில எப்போ போச்சு? 2017 மே. ட்ரம்ப் அதிபர், ரெண்டு சபையும் குடியரசுக் கட்சி கையில. அப்போதான். போராடினவங்க ஜெயிச்சதால போகலை. அந்த வருஷ பட்ஜெட்லேயே 39,324 படுக்கைக்குக் காசு இருந்துச்சு. 34,000ங்கற தரைக்கு அதுக்கப்புறம் வேலை இல்லை.

இதுக்கு அப்புறம் சண்டை தலைகீழா மாறுது. தரையை உடைக்கறதுல இருந்து, கூரை போடறதுக்கு. 2018ல கமலா ஹாரிஸ் செனட்டரா இருந்தப்போ, விரிவாக்கத்தை நிறுத்தி படுக்கைகளைப் பாதியா குறைக்க ஒரு மசோதா கொண்டுவந்தாங்க. (ஆமா, அம்மா வழியில நம்ம துளசேந்திரபுரம் கமலாதான்.) அதுக்கு முந்தின வருஷம் பிரமிளா ஜெயபாலும் ஆடம் ஸ்மித்தும் தனியார் மையங்களை நிறுத்தற ஒரு மசோதாவைக் கொண்டுவந்திருந்தாங்க, அந்த ஜெயபால் பிறந்தது சென்னையில. ரெண்டு மசோதாவும் சட்டமாகலை. பிடி இருந்தது ஒதுக்கீட்டு மசோதாவுலதான்.

2018 டிசம்பர் 22ல இருந்து 35 நாள் அரசு ஷட்டவுன். எல்லைச் சுவருக்குக் காசு வேணும்னு ட்ரம்ப், முடியாதுன்னு ஜனநாயகக் கட்சி. அது முடிஞ்சு பிப்ரவரியில பேச்சுவார்த்தை நடந்தப்போ, சுவரைப் பத்தித்தான் உலகமே பேசிட்டு இருந்துச்சு. மேசையில இன்னொரு பேப்பரும் இருந்துச்சு. எல்லையில பிடிபடாம நாட்டுக்குள்ள பிடிக்கப்படறவங்களுக்கு அதிகபட்சம் 16,500 படுக்கைதான்னு ஒரு உச்சவரம்பு. லாஜிக் எளிமையானது: இடம் குறைவா இருந்தா, பத்து வருஷமா ஹோட்டல்ல பாத்திரம் கழுவிட்டு இருக்கறவரை விட்டுட்டு நிஜமான குற்றவாளியை மட்டும் பிடிப்பாங்க. குடியரசுக் கட்சி இதை ஒத்துக்கவே இல்லை. வரம்பு போச்சு. ஒப்பந்தத்துல நின்னது வேற நம்பர்: வருஷத்துக்குச் சராசரி 45,274 படுக்கை, வருஷக் கடைசிக்குள்ள 40,520க்குக் குறைக்கணும்ங்கற இலக்கு.

குறைஞ்சுதா? அந்த ஆகஸ்ட்ல எண்ணிக்கை 55,000 பக்கம் போச்சு.

காசு 45,274க்குத்தான் குடுத்தாங்க, அப்புறம் எப்படி? இங்கதான் ஓட்டை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள்ள ஒரு தலைப்புல இருந்து இன்னொரு தலைப்புக்கு ஒரு அளவு வரைக்கும் காசை மாத்திக்கலாம். காங்கிரஸுக்குத் தகவல் சொன்னா போதும். மாளிகைக்கடைக் காசுல இருந்து எடுத்து பைக் சர்வீஸ் பண்ற மாதிரி. 2018லேயே பேரிடர் நிவாரண அமைப்போட பட்ஜெட்ல இருந்து கிட்டத்தட்ட 1 கோடி டாலர் ஐஸுக்குப் போனது, செனட்டர் ஜெஃப் மெர்க்லி ஆவணத்தை வெளியிட்டப்போ தெரிஞ்சுது. அது நிர்வாகச் செலவுக் காசு, நிவாரணக் காசு இல்லைன்னு துறை சமாளிச்சுது. 2019 ஆகஸ்ட்ல அந்தச் சமாளிப்புக்கும் இடம் இல்லை. மொத்தம் 27 கோடியே 10 லட்சம் டாலர் மாத்தறோம்னு அறிவிச்சாங்க. அதுல 15 கோடியே 50 லட்சம் பேரிடர் நிவாரண நிதியில இருந்து, எல்லையோர தற்காலிக நீதிமன்றங்களுக்கு. மிச்சம் கடலோரக் காவல் படை மாதிரியான மத்த பிரிவுகள்ல இருந்து, படுக்கைகளுக்கு. அறிவிப்பு வந்த நேரத்துல டோரியன் புயல் போர்ட்டோ ரிக்கோ பக்கம் வந்துட்டு இருந்துச்சு. 2015 டிசம்பரையும் மிக்ஜாமையும் பாத்த ஊர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த டிசம்பர்ல, அடுத்த வருஷ ஒதுக்கீட்டுக்கான பேச்சுவார்த்தையில, இந்த ஓட்டையை அடைக்கப் பாத்தாங்க. முடியலை. நம்பர் அதே 45,274. மாத்திக்கற அதிகாரமும் அப்படியே இருந்துச்சு. எனக்கு இதுல ஜனநாயகக் கட்சி மேலயும் வருத்தம் உண்டு. கீழ்சபை அவங்க கையில இருந்த வருஷம் அது.

மாநிலங்களும் அவங்க பங்குக்கு முயற்சி பண்ணாங்க. அதுக்கு முன்ன, காசு எந்த வழியா போகும்னு காட்ட ஒரு உதாரணம். 2014ல டெக்சாஸ்ல டில்லிங்கற ஊர்ல, தாய்-குழந்தைகளுக்கான பெரிய மையம் திறக்கணும். புதுசா டெண்டர் விட்டா நாள் ஆகும். ஐஸ் என்ன பண்ணுச்சு? அரிசோனாவுல இருக்கற ஈலாய்ங்கற சின்ன நகராட்சியோட ஏற்கெனவே இருந்த ஒப்பந்தத்துல ஒரு திருத்தம் போட்டு, அது வழியா கம்பெனிக்குக் காசு அனுப்புச்சு. ரெண்டு ஊருக்கும் நடுவுல ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். கோயம்புத்தூர் கார்ப்பரேஷன் பேர்ல கான்ட்ராக்ட் போட்டு நாக்பூர்ல கட்டடம் நடத்தற மாதிரி. இடைத்தரகர் வேலைக்கு ஈலாய்க்கு வருஷம் சுமார் 4,38,000 டாலர். இதை 2018ல வெளிய சொன்னது அந்தத் துறையோட சொந்த ஆய்வாளர் அலுவலகமே.

இப்படி உள்ளாட்சி அமைப்புகள் வழியா காசு ஓடறதால, அந்தக் குழாயை மூடலாம்னு இல்லினாய் மாநிலம் 2021ல சட்டம் போட்டுச்சு: எங்க கவுன்டிகள் ஐஸோட ஒப்பந்தம் போடக் கூடாது. கவுன்டிகள் வழக்குப் போட்டுச்சு, 2022ல மேல்முறையீட்டு நீதிமன்றத்துல மாநிலம்தான் ஜெயிச்சுது. ஒரு மாநிலம் தன்னோட கவுன்டிக்கு உத்தரவு போடலாம், அதுல தப்பில்லை. கலிஃபோர்னியா ஒரு படி மேல போய், தனியார் மையமே கூடாதுன்னு 2019ல சட்டம் போட்டுச்சு. அது 2022ல நிக்கலை; மத்திய அரசோட கான்ட்ராக்டர்மேல மாநிலம் கை வைக்க முடியாதுன்னு தீர்ப்பு. நியூ ஜெர்சியோட அதே மாதிரியான சட்டமும் 2025 ஜூலையில கம்பெனி விஷயத்துல செல்லாதுன்னு ஆச்சு. ஆக, சுத்தி வந்தாலும் சாவி வாஷிங்டன்லதான்.

பைடன் காலத்தை வேகமா தாண்டிடறேன். 2023 நிதியாண்டுக்கு அவர் அரசு கேட்டது 25,000 படுக்கை, கிடைச்சது 34,000. அடுத்த வருஷமும் 25,000தான் கேட்டாங்க, கிடைச்சது 41,500. இதுவரைக்கும் நான் சொன்னதுல இருந்தே காரணம் உங்களுக்குத் தெரியும்.

இப்போ 2025 ஜூலை 4. ட்ரம்ப்போட பெரிய சட்டம். செனட்ல 50-50ன்னு சமமாகி, துணை அதிபர் வான்ஸ் ஓட்டுப் போட்டு 51-50ன்னு பாஸ் ஆச்சு. கீழ்சபையில 218-214. அதுல தடுப்பு மையங்களுக்கு மட்டும் 4,500 கோடி டாலர். ஒப்பிட்டுப் பாக்க: 2024 நிதியாண்டுல இதுக்கு ஒதுக்கினது சுமார் 340 கோடி. தொகை பெருசுதான், ஆனா நான் கண்ணை அகட்டினது தேதியைப் பாத்து. இந்தக் காசு 2029 செப்டம்பர் 30 வரைக்கும் செல்லும். வருஷாந்திர ஒதுக்கீட்டு மசோதாவுல வரலை. தனி வழியில, ஒரே தடவையில வந்துடுச்சு. 190 ஓட்டு வாங்கின திருத்தம், 16,500 வரம்பு, 40,520 இலக்கு எல்லாமே ‘அடுத்த வருஷம் நீ எங்ககிட்ட காசு கேட்டு வரணும்’ங்கற ஒரே பிடியில தொங்கினது. நாலு வருஷக் காசு கையில இருக்கறவன் எதுக்கு வந்து கேக்கப்போறான்?

அதை அந்த வருஷமே பாத்தாச்சு. 2025 அக்டோபர் 1ல இருந்து மறுபடியும் ஷட்டவுன், இந்தத் தடவை 43 நாள். ஏர்போர்ட்ல சோதனை பண்றவங்க சம்பளம் இல்லாம வேலை பாத்தாங்க. 2013ல ஒரு செலவு வெட்டு வருதுன்னு தெரிஞ்சதுமே 2,228 பேருக்குக் கதவு திறந்துச்சு. 2025ல ஒதுக்கீட்டு மசோதாவே இல்லாத அந்த 43 நாள்ல, உள்ள 60,000க்கும் மேல ஆளுங்க இருந்தாங்க, எண்ணிக்கை ஏறிட்டேதான் போச்சு.